கூறையும் கோர்வையும்

புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்களைப் பற்றிய ஆய்வுகளில் புடவை அடிக்கடி வருகிறது. அதை நெய்த ஊர் வருவதில்லை. யாழ்ப்பாணக் கல்யாணத்தில் தாலி ஏறும் நேரத்தில் மணமகள் உடுத்தியிருப்பது கூறை. பல வீடுகளில் அது காஞ்சிப் பட்டு. டொராண்டோவிலும் லண்டனிலும் இன்றும் அப்படித்தான்.

சிதார்த்தன் மௌனகுருவின் 2019ஆம் ஆண்டு நூல் போர்க்காலத்து இலங்கைத் தமிழர் திருமணங்களைப் பற்றியது. மாப்பிள்ளை கனடாவில், பெண் இலங்கையில். இருவரும் வந்து சேரத் தோதான இடம் இந்தியா. கல்யாண ஆல்பம் பிறகு விசா அதிகாரியின் மேசைக்குப் போகிறது. நடந்தது உண்மையான கல்யாணம்தான் என்று படங்கள் சாட்சி சொல்ல வேண்டும். நூலாசிரியர் புடவையைப் பற்றி எழுத வரவில்லை. ஆனால் படிக்கும்போது எனக்கு அதுதான் கண்ணில் நின்றது: கரையும் முந்தியும் தாலியும் தெரிய நிற்பது அழகுக்கு மட்டும் இல்லை. பண்பாட்டு அடையாளம் என்று மேடையில் பேசுகிறோமே, அந்த மேசையில் அது பத்திரம்.

ஜெர்மனியின் ஹாம் நகரத் தொழிற்பேட்டையில் 2002இல் குடமுழுக்குக் கண்டது ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். காஞ்சி அம்மனின் பெயர். கட்டியவர்கள் ஈழத்திலிருந்து அகதிகளாகப் போனவர்கள். அங்குள்ள தமிழர் வழிபாட்டை மார்ட்டின் பௌமான் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தேர்த் திருவிழாவில் பெண்கள் பட்டுடுத்திப் பாற்குடமும் கற்பூரச் சட்டியும் ஏந்தி வீதியில் வருகிறார்கள். இத்தகைய காட்சிகளைப் ‘பேணிக் காத்தல்’ என்று எழுதிவிடுவது சுலபம். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய பொருளைப் பற்றிப் பேசுவது போன்ற சொல் அது. எனக்கு ஒப்புதல் இல்லை.

காஞ்சியிலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பத்மசாலியர், தேவாங்கர் முதலிய நெசவுச் சமூகங்களின் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். தென்னிந்திய நெசவாளர் ஊர்விட்டு ஊர் போன வரலாற்றை விஜயா ராமசாமி 1985இலேயே எழுதிவிட்டார். பத்மசாலியரைப் பற்றி ஆர்த்தி காவ்ல்ராவின் நூல் 2018இல் வந்தது. ஆக, கடல் தாண்டியவள் தன் அடையாளமாக எடுத்துப்போன பட்டே வந்தேறியவர்கள் நெய்ததுதான். புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய நூல்களும் நெசவாளரைப் பற்றிய நூல்களும் ஒன்றையொன்று படித்ததாகத் தெரியவில்லை.

நெசவு வீட்டுப் பெண்ணின் உழைப்பும் இப்படித்தான் ஓரத்தில் நிற்கிறது. ஊடை நூலைத் தாரில் சுற்றுவது அவள் வேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று இணைத்து நெய்யும் கோர்வைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் இருப்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ளித் தரவேண்டும். பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோதான். கூலியோ புடவைக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு. 2005-06இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; அதனால் அந்தப் பக்கத்து ஆளுக்குத் தனிக்கூலி வந்துவிடவில்லை.

இப்போது அவள் மகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுகிறாள். ஏறட்டும், மாதச் சம்பளம் வருகிறது. பக்கத்து இடம் காலியான தறிகளில் கோர்வையை விட்டுவிட்டு ஒற்றை நாடாவில் நெய்கிறார்கள். கூறை எடுக்கக் காஞ்சிக்கு வரும் அம்மாக்களில் விவரம் தெரிந்தவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் புடவையைத் திருப்பிப் போட்டு, கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.