நெக் ஃபேன்: மெனோபாஸ் சூட்டுக்குத் துணையா, தீர்வா?

கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் நெக் ஃபேன்கள் வெயிலில் அலைகிறவர்களுக்காக வந்தவை. இப்போது அதையே மெனோபாஸ் கால ‘ஹாட் ஃப்ளாஷு’க்கும் நல்லது என்று விற்கிறார்கள். ஆன்லைனில் சுமார் 1,500 ரூபாய்க்குக் கிடைத்த ஒன்றைச் சென்னைப் புழுக்கத்தில் மாட்டிப் பார்த்தேன். எனக்கும் அந்த வயதுதான் என்பதால் சோதனைக்கு வேறு ஆள் தேடவில்லை.

வடிவமைப்பு

பார்க்க ஹெட்போன் மாதிரி. விசிறிகள் உள்ளே இருப்பதால் முடி சிக்காது. காற்று, வளைவில் உள்ள கீற்றுகள் வழியாக முகத்தை நோக்கி வருகிறது. பிடரியில் படும் இடத்தில் ஓர் உலோகத் தகடு. அதன் பின்னால் இருப்பது பெல்டியர் சில்லு: மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே தள்ளவும் விசிறி வேண்டும் என்பதால், தகட்டைப் போட்டால் சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது.

ஆன் செய்த சில நொடிகளில் தகடு ஜில்லென்று ஆகிவிடுகிறது. ஆனால் முடியைத் தூக்கிக் கொண்டை போட்டால்தான் தோலில் படும். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ காற்று உறிஞ்சும் ஓட்டையை மூடினால் மோட்டார் முனகுகிறது, காற்று குறைகிறது.

பயன்பாட்டில்

நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று ஏறும் சூடு, பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதனால் ஃபேன் கைப்பையில் இருந்தால் பயனில்லை, கழுத்திலேயே இருக்க வேண்டும். முதல் வேகத்தில் சத்தம் அவ்வளவாக இல்லை. மூன்றாவதில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

பெரிய எரிச்சல் பட்டன்தான். ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம்தான் ஆஃப். சூடு தணிந்து உடம்பு வெடவெடக்கத் தொடங்கும் நேரத்தில், அணைப்பதற்காகவே முழுவேகக் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வடிவமைத்தவருக்கு ஹாட் ஃப்ளாஷ் எப்படி முடியும் என்று யாரும் சொல்லவில்லை போலும்.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையின் ஹைப்போதலாமஸ் சகித்துக்கொள்ளும் வெப்ப வரம்பு குறுகிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃப்ரீட்மன், விழுங்கக்கூடிய சென்சார் மாத்திரையைக் கொண்டு உள்உடல் வெப்பத்தை அளந்தார். பல ஹாட் ஃப்ளாஷ்களுக்கு முன்னால் அது லேசாக உயர்வதைக் கண்டார். அந்தச் சிறு உயர்வுக்கே உடம்பு ரத்தக் குழாய்களை விரித்து, வியர்த்து வெப்பத்தை வெளியேற்றுகிறது. தேவைக்கு மேல் வெளியேறியதும் குளிர் எடுக்கிறது.

நெக் ஃபேன் வேலை செய்வது தோலில், கோளாறு மூளையில். வியர்வை சீக்கிரம் உலர்கிறது, முகத்துக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த ஹாட் ஃப்ளாஷ் வருவதை அது தடுப்பதில்லை. இரவு வியர்வைக்கும் உதவாது, மாட்டிக்கொண்டு படுக்க முடியாதே. அதற்கு டேபிள் ஃபேனும் மெல்லிய பருத்தி நைட்டியுமே மேல்.

மாற்று என்ன?

வட அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் 2023 அறிக்கை, குளிரூட்டும் உத்திகளைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. யோகா, மூச்சுப் பயிற்சி, சோயா உணவு ஆகியவற்றுக்கும் அதே பதில்தான். வேறு காரணங்களுக்காக அவற்றைச் செய்வதில் தவறில்லை. மருந்தில்லாத வழிகளில் அது வலுவாகப் பரிந்துரைப்பவை இரண்டு: அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் (சிபிடி) மருத்துவ ஹிப்னாசிஸும்.

சிபிடி, சூடு வரும் எண்ணிக்கையைவிட அதனால் ஏற்படும் தொந்தரவைக் குறைக்கிறது. ஹிப்னாசிஸ் எண்ணிக்கையையும் குறைக்கிறது. டெக்சாஸில் உள்ள பேலர் பல்கலைக்கழகத்தின் கேரி எல்கின்ஸ் குழு, 2013-இல் 187 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. குளிர்ச்சியான காட்சிகளை மனத்தில் கொண்டுவரும் வாராந்தரப் பயிற்சி ஐந்து முறை. 12-வது வாரத்தில் ஹாட் ஃப்ளாஷ் சுமார் 74 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 17 சதவீதம். இந்த முறையில் அமைந்த ஆப்களும் வந்துவிட்டன.

ப்ளஸ்: உடனடி இதம், கைகளுக்கு வேலையில்லை, முடி சிக்காது.

மைனஸ்: பட்டன் அமைப்பு, தகட்டோடு நிற்காத சார்ஜ், இரவில் பயனின்மை.

தீர்ப்பு: அலுவலகம், பஸ், சமையலறை என்று பகலில் அவதிப்படுகிறவர்கள் வாங்கலாம். ஆஃப் பட்டன் தனியாக உள்ள, தகடு இல்லாத மாடலே போதும், விலையும் குறையும். தூக்கம் கெடுகிறது, வேலை கெடுகிறது என்றால் அந்தப் பணத்தை டாக்டர் ஃபீஸாகக் கொடுங்கள். தைராய்டு கோளாறிலும் இப்படி வியர்க்கும், அதையும் பார்த்துவிடுவார்.