சைக்கிள் போட்ட ஊதுவத்தி

சாமான்களுக்கு வைக்கும் பெயர்களில் தானாக வந்து விழுகிற ஹாஸ்யத்தை எந்த ஹாஸ்ய எழுத்தாளனாலும் எட்ட முடியாது. ஈரானில் ஒரு சலவைப் பொடிக்குப் பெயர் 'பர்ஃப்'. பாரசீகத்தில் அதற்குப் 'பனி' என்று அர்த்தம். துணி அத்தனை வெண்மையாகும் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். இங்கிலீஷ்காரன் காதிலோ அது வாந்தியாக விழுகிறது! ஜப்பானில் 1919-இல் வந்த 'கால்பிஸ்' என்ற பால் பானத்தின் கதை இன்னும் விசேஷம். கால்ஷியத்தில் பாதியும், நெய்யைக் குறிக்கும் 'சர்ப்பிஸ்' என்ற சம்ஸ்கிருதச் சொல்லில் பாதியும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. அமெரிக்காவில் பசுவின் மூத்திரம் என்பது போல ஒலிக்கவே, அங்கே 'கால்பிகோ' ஆயிற்று. (நம் ஊருக்கு வந்திருந்தால் பெயரை மாற்றியிருக்க வேண்டாம், கோவில் வாசலிலேயே விற்றிருக்கலாம்.)

இவற்றைச் சொல்லிச் சிரித்த வாயால் நம் கடைத்தெருவையும் சிரித்திருக்கிறேன். உக்கிரமே உருவான காளியின் பெயரில், 1916 முதல் தாகம் தீர்க்கும் 'காளி மார்க்' சோடா. ஐசுவரியம் வேண்டிக் கும்பிட்ட கையாலேயே கொளுத்திச் சுக்கு நூறாக்கும் 'லட்சுமி வெடி'. இந்த வெடிப் பெயரை மட்டும் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1948-இல் மைசூரில் ரங்கா ராவ் தொடங்கிய ஊதுவத்திக்கோ 'சைக்கிள்' என்று பெயர்! சாமிக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கதாநாயகிக்குப் பெயர் வைக்கப் பத்து நாள் தவிக்கிறவன் நான். கேலி செய்ய எனக்குப் பாத்தியதை உண்டென்றே நினைத்திருந்தேன்.

பவானிக் கூடுதுறையில் குளித்துவிட்டு, சங்கமேசுவரர் கோவிலுக்கு அருகே ஒரு கடையில் நின்றேன். விரலெல்லாம் நூல் சாயம் ஏறிய ஒரு கிழவி வந்து ஊதுவத்தி கேட்டாள். கடைப் பையன் ஏதோ ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல சக்கரமே காணமே கண்ணு. சைக்கிள் போட்டதைக் குடு."

பையன் பேசாமல் உள்ளே போய் அதையே கொண்டுவந்தான்.

படிக்கத் தெரியாதவளுக்கு அந்த இரண்டு சக்கரமும்தான் எழுத்து. எந்தப் பாஷைக்காரனும் பார்த்ததும் சொல்லக்கூடிய சாமான் என்பதால்தான் சைக்கிளைத் தேர்ந்தார்கள். பெயரின் அழகை மட்டும் எடை போட்ட நான், அதைக் கேட்டு வாங்குகிறவளை எண்ணிப் பார்க்கவில்லை.

பேச்சுக் கொடுத்தேன். அவள் வீட்டில் ஜமக்காளத் தறி இருக்கிறதாம். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் வெளியூர் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் மலிவாகக் கடைக்கு வருகிறது. பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தே நானும் ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

"அசலை எப்படிக் கண்டுபிடிக்கிறது ஆத்தா?" என்று கேட்டேன்.

அவள் என்னை வியப்போடு ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொட்டாத் தெரியாதுங்களா?"