கும்பமும் கமராவும்: பங்குபற்றும் விழாக்களில் வர்த்தகத் தொலைக்காட்சி பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

திருகோணமலை நகரத்தில் நவராத்திரி காலத்திலே குறிச்சிகள் தோறும் கும்பம் வைத்து வழிபடுவதும், இறுதியில் அக்கும்பங்களை ஏந்தி இரவிரவாக வீதிகளில் ஆடிவருவதும் நெடுநாளைய வழக்கமாகும். ஆகம முறைப்பட்ட ஆலய உற்சவத்திலிருந்து இது வேறானது. ஒரு குறிச்சியின் இளைஞரே இதன் ஒழுங்கமைப்பாளரும் ஆடுவோருமாவர். கும்பத்தோடு கூடவே நடந்து வருபவரை ஆட்டக்காரர் என்றோ பார்வையாளர் என்றோ இலகுவில் வகுத்துவிட முடியாது. பறையொலிக்குக் கால் அசைக்கும் எவரும் விழாவினுள் இருப்பவரே.

இத்தகைய விழாவினுள் வர்த்தகத் தொலைக்காட்சியின் கமரா நுழையும்பொழுது யாது நிகழ்கின்றது என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா. வழக்கமாக இதற்கு இரு விடைகள் கூறப்படுவதுண்டு. எமது பண்பாடு உலகெங்கும் பரவுகின்றது என மகிழ்வோர் ஒரு சாரார். புனிதங் கெட்டுவிட்டது என வருந்துவோர் மறுசாரார். இரு சாராரும் கமராவை வெறுமனே ஒரு கண்ணாகவே கொள்கின்றனர். நல்ல கண்ணா, தீய கண்ணா என்பதே அவர்களுக்கிடையிலான வழக்கு. வர்த்தகத் தொலைக்காட்சி என்பது ஓர் உற்பத்தி முறை. அதற்கு மூலப்பொருள் வேண்டும், உழைப்பு வேண்டும், சந்தை வேண்டும். கண்ணேறு கழிப்பதால் இது தீராது.

பார்ப்போர், ஆடுவோர் என்ற பிரிவு மனித இயல்பில் தோன்றியதன்று, வரலாற்றில் தோன்றியது. ஜோர்ஜ் தொம்சன் 1941இல் வெளியிட்ட ஈஸ்கிலஸ் பற்றிய நூலில், குலக்குழுச் சடங்கு சிதைந்து நாடகமாகும் வளர்ச்சியை வர்க்க சமுதாயத்தின் தோற்றத்தோடு இணைத்து விளக்கினார். பேர்மிங்காமில் அவரிடம் பயின்ற கைலாசபதியும் சிவத்தம்பியும் இந்நோக்கைத் தமிழாய்வுக்குக் கொணர்ந்தமை யாவரும் அறிந்ததே. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் ஆய்வு 1981இல் நூலுருப் பெற்றது. எனினும் இப்பிரிவு ஒருமுறை நிகழ்ந்து முடிந்துபோன சங்கதி எனக் கருதுதல் பொருந்தாது. எங்கெல்லாம் கூட்டு நிகழ்வொன்று புதிய பொருளாதார உறவொன்றினுள் இழுக்கப்படுகின்றதோ அங்கெல்லாம் அது மீண்டும் நிகழ்கின்றது.

எமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணமுண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ முதலான தயாரிப்புக்கள் வாயிலாக மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். விடியும்வரை ஆடப்பட்டது ஓரிரு மணித்தியாலங்களுக்குச் சுருங்கிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரி ஒருபுறம் மட்டுமே திறந்த மேடையாயிற்று. சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் ஓர் ஊரையே பிணைத்த தொழிற்பாடு மேடையில் தோன்றாமலே போயிற்று. இவ்விழப்பைச் சுட்டுவோர் உளர், நியாயமாகவே சுட்டுகின்றனர். ஆனால் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். அம்மாற்றத்தைச் செய்தோர் ஒரு கலையைத் தேசிய அரங்குக்கு உயர்த்த முயன்றனர். அவர்கள் எவர்க்கும் சவர்க்காரம் விற்கவில்லை. கிராமத்து அண்ணாவியாரை மதித்துப் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்தனர். அம்முயற்சியையும் இன்றைய ஒளிபரப்பையும் ஒரே தராசில் நிறுப்பது விமர்சனமாகாது.

இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி வந்தது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. 1990களில் தனியார் நிலையங்கள் தோன்றின. இந்த இறுதிக் கட்டமே எமது பொருளுக்கு முக்கியமானது. தனியார் நிலையம் நிகழ்ச்சியை விற்பதில்லை. நிகழ்ச்சியைப் பார்ப்போரின் நேரத்தை விளம்பரதாரருக்கு விற்கின்றது. கனடிய ஆய்வாளர் டலஸ் சிமைத் 1977இலேயே இதனை எடுத்துக்காட்டி, மேலை மார்க்சியம் இதைக் காணத் தவறியதெனக் கடிந்துகொண்டார். கும்பவிழாவுக்கு இதனைப் பொருத்திப் பார்க்கையில் கூலி பெறாத இரு உழைப்புக்கள் புலனாகின்றன. ஒன்று, இரவு முழுவதும் கும்பம் ஏந்தி ஆடும் இளைஞனின் உழைப்பு. மற்றொன்று, வீட்டிலிருந்து அதனைப் பார்ப்பவளின் நேரம். இரண்டுக்கும் இடையில் நிற்பவர் இரண்டையும் இலவசமாகப் பெற்று மூன்றாமவருக்கு விலைக்கு விற்கின்றார்.

மூலதனம் உழைப்பைத் தன்கீழ்க் கொணர்வதில் மார்க்ஸ் இரு படிகளைக் கண்டார். முதற்படியில் உழைப்பு முன்பிருந்தவாறே நிகழும்; அதன் பயன் மட்டும் கைமாறும். இரண்டாம் படியில் உழைப்பின் முறையே மூலதனத்தின் தேவைக்கேற்ப மாற்றியமைக்கப்படும். விழாவும் கமராவும் சந்திக்குமிடத்தில் இவ்விரு படிகளும் தெளிவாகத் தோன்றும். வீதியோரம் நின்று நடப்பதைப் படம்பிடித்துச் செல்லும்வரை முதற்படி. ஆட்டம் மாறவில்லை, ஆகவே ஒருவரும் முறையிடுவதில்லை. விளக்கு வைத்த இடத்திலே கும்பம் தரித்து நிற்க வேண்டும், இன்ன நேரத்துக்கு வந்துசேர வேண்டும், நன்றாக ஆடுபவன் முன்னே வரட்டும் என்று கேட்கப்படும் கணத்தில் இரண்டாம் படி ஆரம்பமாகின்றது. களைத்தவனும் ஆடத் தெரியாதவனும் அப்பொழுதே விழாவிலிருந்து வெளியேற்றப்படுகின்றனர். அவர்களை எவரும் துரத்துவதில்லை. சட்டகத்தினுள் அவர்களுக்கு இடமில்லை, அவ்வளவே.

இரண்டாம் படி முற்றிய நிலைக்கு அலங்காநல்லூர் சல்லிக்கட்டு போதிய சான்று. வாடிவாசலைச் சுற்றிக் கமராக்கள். காளைக்கும் பிடித்தவனுக்கும் மோட்டார் வாகனங்கள் வரை பரிசு. ஒவ்வொரு காளைக்கும் இடையில் பரிசளிப்போரின் பெயர் முழக்கம். ஊரவர் கம்பிவேலிக்கு வெளியே நிற்கின்றனர்.

இவ்வடிவம் எமது மாவட்டத்துக்கும் வந்தது. 2024 ஜனவரியில் கிழக்கு மாகாண ஆளுநரின் பொங்கல் விழாவை ஒட்டிச் சம்பூரில் சல்லிக்கட்டு நடத்தப்பட்டது. சம்பூர் மக்கள் 2006இல் போரினால் இடம்பெயர்ந்து, ஏறக்குறையப் பத்தாண்டுகளின் பின்னரே தம் நிலத்துக்கு மீண்டவர்கள். திருகோணமலை நகரில் அதே வேளை 1008 பொங்கற் பானைகளும் 1500 பரதநாட்டிய மாணவரும் நிரைப்படுத்தப்பட்டனர். இது அரச அனுசரணையிலான விழா, வர்த்தக நிலையமொன்றின் படைப்பன்று என்பது மெய்யே. ஆயினும் அவ்வெண்களைச் சிந்திக்க வேண்டும். பொங்கல் முற்றத்து விழா. பானை பொங்கும் திசையைப் பார்ப்பது வீட்டவர். 1008 பானைகளை ஒருங்கே காணத்தக்க முற்றம் எங்குமில்லை. வானிலிருந்து நோக்கும் கமரா ஒன்றுக்கே அது காட்சியாகும். கமரா வருமுன்னரே விழா கமராவுக்காக வடிவமைக்கப்பட்டுவிட்டது. அன்று ஆடிய பிள்ளைகளின் ஈடுபாட்டை இங்கு குறைகூறவில்லை. 1500 பேரில் ஒருத்தியாக இருப்பதிலும் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அவள் பங்குபற்றியது நடனத்திலா, எண்ணிக்கையிலா?

அவ்வாறெனின் கமராவைத் தடுத்துவிட்டாற் போதுமா? அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் பேர்னிங் மான் விழாவின் அனுபவம் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. 1986இல் சான் பிரான்சிஸ்கோக் கடற்கரையில் சிறு கூட்டமொன்று மரப்பொம்மையை எரித்ததில் தொடங்கிய அவ்விழா, அனைவரும் பங்குபற்றுதல், பண்டமாக்கலை மறுத்தல் ஆகியவற்றைத் தன் கோட்பாடுகளாக 2004இல் எழுதி வைத்தது. வர்த்தகப் படப்பிடிப்புக்கு அங்கே முன் அனுமதி வேண்டும். ஆனால் இக்கட்டுப்பாட்டை நிலைநாட்ட விழா நிறுவனம் கைக்கொண்ட கருவி நுழைவுச்சீட்டின் நிபந்தனைகளாகும். பங்குபற்றுவோர் எடுக்கும் படங்களின் மீதே நிறுவனத்துக்கு உரிமை வழங்கிய அந்நிபந்தனைகள் 2009இல் இணைய உரிமை அமைப்பொன்றின் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின. பண்டமாக்கலை எதிர்க்கப் புகுந்தவர்கள் தனியுடைமைச் சட்டத்தையே ஆயுதமாக ஏந்த நேர்ந்த முரண்பாடு இது. கடைக்காரனை வெளியே நிறுத்திய காவலாளி முடிவில் கடையின் திறப்பைத் தன் மடியிற் கட்டிக்கொண்டான். எமது ஊர்களில் தர்மகர்த்தா சபைகளின் வரலாறு அறிந்தவர்க்கு இது புதுமையாக இராது.

திருகோணமலைக்குக் கமரா புதிதுமன்று. ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் சுவாமிமலையடிக் கடலில் மூழ்கிப் படம்பிடித்தனர். அவ்வனுபவத்தின் வழியே வில்சன் 1962இல் ‘ரன்முத்து தூவ’ என்ற முதலாவது சிங்கள வண்ணத் திரைப்படத்தை ஆக்கினார். எமது கடலடியில் கிடந்த கோவிற் சிதைவு அவ்வாறு புதையல் வேட்டைக் கதையாயிற்று.

மறுபுறத்தில், இந்நகரில் கமரா எதனைச் சாதித்தது என்பதையும் மறத்தலாகாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்ற கூற்றை மறுத்து, உடல்களிலிருந்த துப்பாக்கிச் சூட்டுக் காயங்களை உலகுக்குக் காட்டியவை பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கமராவே தீது என்று திருகோணமலையில் இருந்துகொண்டு ஒருவரும் எழுத முடியாது. அவர் படமெடுத்தது காட்சிப்படுத்தப்பட்டோருக்காக. அவர்களின் உறவினர் கேட்ட நீதிக்காக. வர்த்தகக் கமரா படமெடுப்பது காட்சிக்கு வெளியேயுள்ள மூன்றாம் ஒருவருக்காக. கருவி ஒன்றே, உறவு வேறு.

வானொலி ஒருவழிக் குழாயாக இராமல் கேட்போரையும் பேசவைக்கும் சாதனமாக வேண்டுமெனப் பிறெக்ட் 1932இல் கோரியது இதன் பொருட்டே. மட்டக்களப்புச் சீலாமுனையில் 2000களின் தொடக்கத்தில் ஜெயசங்கர் முதலானோர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இதற்கு நெருங்கிய எமது முயற்சியாகும். அங்கே மாற்றம் தேவையா, எது மாறவேண்டும் என்பதை ஆடுவோரும் ஊரவரும் களரியிலேயே இருந்து விவாதித்தனர். ஆய்வாளர் அவ்விவாதத்தில் ஒரு குரலாக இருந்தார்.

கும்பவிழாவுக்கும் அத்தகைய விவாதம் வேண்டும். அதனைக் குறிச்சி இளைஞரே நடத்தவேண்டும். நிலையத்தின் நிகழ்ச்சித் தயாரிப்பாளரோ, பண்பாட்டு அதிகாரியோ, எம்மைப் போன்ற பல்கலைக்கழகத்தாரோ அவர்களுக்காக நடத்தலாகாது. கும்பம் எங்கே தரிக்கும், எங்கே தரியாது? இரவில் விளக்கேற்ற யாருக்கு அனுமதி? ஊர்திகளில் விளம்பரப் பதாகை வேண்டுமா? புலம்பெயர்ந்து வாழும் உறவினர் தம் குறிச்சிக் கும்பத்தைத் திரையில் கண்டு கண்கலங்குவதும் ஓர் உண்மையான தேவையே. அதனை நிறைவேற்ற ஒரு குறிச்சியின் சொந்தக் கைத்தொலைபேசி போதுமா, நிலையந்தான் வேண்டுமா? எடுக்கப்பட்ட ஒளிப்பதிவின் முழுப் பிரதியொன்று, வெட்டப்படாமல், அந்தக் குறிச்சியிடமே திரும்பி வரவேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைக்கலாம். ஒளிபரப்பிய பத்து நிமிடத்தில் இல்லாதவன் எவனென்று அப்பொழுது அவர்களே பார்த்துக்கொள்வர்.