அடிக்குறிப்பில் ஏறாதவர்கள்

ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக்குறிப்பு இலக்கியமா, வரலாறா என்கிற சண்டை பழசு. எம்.ஏ. தமிழ் வகுப்பில் அது ‘உரைநடை வளர்ச்சி’ என்ற தலைப்புக்குள் இரண்டு பக்கத்தில் முடிந்துபோகும். எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் அவர் மரணத்தையொட்டி நின்றுபோகிற இந்தப் பிரதிக்குள் வந்துபோகிற எண்ணற்ற சில்லறை ஆட்கள் யார்? இவர்களில் சிலரை மட்டும் ‘இன்னார்’ என்று அடையாளம் காண முடிகிறதே, அது எப்படி?

1846இல் கலுவா மோன்ப்ரோன் இக்குறிப்புகளைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. முதல் மூன்றை பிரைஸ், ரங்காச்சாரியின் துணையோடு பதிப்பித்தார், மற்றதெல்லாம் டாட்வெல். அடிக்குறிப்புகளில் கொட்டியிருக்கிற உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உழைப்பு எந்தத் திசையில் ஓடியது என்று பார்க்க வேண்டும். பிள்ளையின் காதில் விழுந்து, தமிழ் எழுத்தில் உருமாறிப்போன ஒரு பிரெஞ்சுக் கப்பல் தலைவனின் பெயரை மீட்டெடுக்க முடிகிறது. கம்பெனிக் கடிதங்கள் இருக்கின்றன, ஆலோசனைச் சபைத் தீர்மானங்கள் இருக்கின்றன, மார்த்தினோ சுருக்கி அச்சிட்ட பிறப்பு இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆக, ஆளைக் கண்டுபிடிப்பது பதிப்பாசிரியரின் புத்திசாலித்தனம் மட்டுமல்ல. அந்த ஆளை ஏற்கெனவே எவனோ ஒருவன் வேறொரு ஏட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைப்பது யாருக்காக நடந்தது என்பதில் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் ஆட்கள் பக்கம் வந்தால் பெயர் கிடைத்தாலும் போதாது. பிள்ளையின் தகப்பனார் திருவேங்கடம், தம்பியும் திருவேங்கடம். பிள்ளை இறந்தபின் குறிப்பைத் தொடர்ந்தவர் ரங்கப்ப திருவேங்கடம். 1794 முதல் 1796 வரை நாட்குறிப்பு எழுதியவரோ முத்து விஜய திருவேங்கடம். ஒரு வீட்டுக்குள்ளேயே இந்தக் கதி என்றால், சந்தையில் வந்து நிற்கிற ஒரு முத்துவையோ ரங்கனையோ எந்த முத்து, எந்த ரங்கன் என்று சொல்வது? பெயர் ஒத்துப்போனதும் ‘இவரே அவர்’ என்று எழுதிவிடுகிற அவசரம் ஆராய்ச்சி அல்ல. தொழில், தெரு, உறவு, தேதி என்று இரண்டு மூன்றாவது சேர்ந்து பொருந்த வேண்டும். இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு (1778–1792) போன்ற பிற்காலப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துக் குடும்பங்களைத் தொடர்ந்து போகலாம். ஆனால் அதிலும் அகப்படுவது சொத்தும் பதவியும் உள்ள குடும்பங்கள்தான்.

இனி 1745 அக்டோபர்ப் பதிவுக்கு வருவோம். கிறிஸ்தவக் கோயிலுக்குள் தங்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றிப் பறையர் கிறிஸ்தவர்கள் பாதிரியிடம் முறையிடுகிறார்கள். சுவர் இடிக்கப்படுகிறது. உயர்சாதியார் கொதிக்கிறார்கள், கடைசியில் சுவருக்குப் பதில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்படுகின்றன. இந்தக் களேபரத்தில் கனகராய முதலி பெயரோடு இருக்கிறார். மெல்லிய துணி உடுத்தி வந்து பாதிரியிடம் பேச்சு வாங்கிய ஒரு பெண், இன்னாருடைய மனைவி, இன்னாருக்கு உறவு என்ற அளவில் இருக்கிறாள். சுவரை இடிக்க வைத்தவர்களோ ஒரு சாதிப் பெயரின் பன்மை விகுதிக்குள் அடங்கிப் போகிறார்கள். முதலில் போய் வாய் திறந்தது யார்? பிரதி சொல்லவில்லை. 1743இல் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய விவகாரத்திலும் இதே கதைதான். பிடித்துக் கொடுத்தவனுக்குப் பெயர் உண்டு. பிடிபட்டவர்கள் கூட்டம், அவ்வளவுதான்.

பிள்ளையைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. வணிகர், பின்னாளில் தலைமைத் துபாஷி. தனக்குப் பயன்படுகிற உலகத்தைத் தன் கணக்குப் பிள்ளைக் கண்ணால் எழுதினார். லண்டனில் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸும் தன் உலகத்தைத்தான் எழுதினார். ஆனால் அவர் வீட்டு வேலைக்காரி ஜேன் பிர்ச் பெயரோடு இருக்கிறாள். 1669இல் அவள் டாம் எட்வர்ட்ஸைக் கல்யாணம் செய்துகொண்டதுவரை நமக்குத் தெரியும். லதமும் மேத்யூஸும் கொண்டுவந்த பதிப்பில் துணைநூலுக்கு ஒரு தொகுதி, சொல்லடைவுக்கு ஒரு தொகுதி என்று தனித்தனியே ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊர் வேலைக்காரிக்கு ஏடும் இல்லை, அடைவும் இல்லை.

அப்படியானால் பெயரில்லாதவர்களுக்கு நாமே பெயர் வைத்துவிடலாமா? நாவலாசிரியன் வைக்கலாம். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களில் இந்தக் குறிப்புகளிலிருந்து மனிதர்களை எழுப்பிக் காட்டினார். விமர்சகனுக்கும் களப்பணியாளனுக்கும் அந்தச் சலுகை கிடையாது. கிடைத்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ‘எங்க பாட்டன்’ என்று சாதிச் சங்க மலரில் போடுவதும், அடித்தள மக்கள் வரலாறு என்று சொல்லி ஆதாரமில்லாமல் ஒரு வீரனை உண்டாக்குவதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம். இரண்டுமே அந்த மௌனத்தை மூடி மறைக்கின்றன.

நான் கேட்பது ரொம்பச் சின்ன காரியம். அடுத்து வரும் பதிப்பின் பெயரடைவில் பெயரில்லாதவர்களுக்கும் பதிவு போடுங்கள்: ‘பறையர் கிறிஸ்தவர்கள், கோயில் சுவர் பற்றி முறையிட்டவர்கள், 1745’, ‘அடிமைகளாகப் பிடிபட்டவர்கள், 1743’, ‘கூலிகள்’, ‘பல்லக்குத் தூக்கிகள்’. எதிரே பக்க எண். துப்ளேக்ஸுக்கு எத்தனை பக்கம், இவர்களுக்கு எத்தனை பக்கம் என்று வாசகனே விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும். யாரென்று தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று அச்சில் நிற்க வேண்டும். தேடப் போகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது அந்தக் காலி இடம்தான்.