மிட்டாயா, சிகரெட்டா: ஒரு பழைய விளம்பரம் நமக்குள்ள விட்டுட்டுப் போன கணக்கு

1928-ல அமெரிக்காவுல லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டுக்கு ஒரு விளம்பரம் வந்தது. இனிப்பு சாப்பிடத் தோணுதா, அதுக்குப் பதிலா ஒரு லக்கியை எடுங்க என்பதுதான் அதோட சாரம். விளம்பர வரலாறு எழுதுறவங்க இதை ஒரு சாமர்த்தியமான வாசகமா பாராட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு இதுமேல தனிப்பட்ட கோபமே இருக்கு. முதல் தடவை சிகரெட்டை விட்டப்ப ஆறு மாசத்துல ஐந்து கிலோ ஏறினேன். "என்னப்பா, தொப்பை எட்டிப் பாக்குது?" என்று ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். அடுத்த வாரமே டீக்கடையில திரும்பவும் தம் பத்த வெச்சேன். மறுபடி விட இரண்டு வருஷம் ஆச்சு.

அந்த விளம்பரத்துக்குப் பின்னால இருந்தவர் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். தெருமுனையில எதையோ மென்னுக்கிட்டு நின்ன பருமனான ஒரு பெண்ணையும், டாக்ஸியில சிகரெட்டோட போன ஒல்லியான ஒரு பெண்ணையும் ஒரே நேரத்துல பார்த்தப்ப இந்த யோசனை வந்ததா அவரே கதை சொல்வார். மக்கள் தொடர்பு வேலைக்கு எட்வர்ட் பெர்னேஸை அமர்த்தினார். ஹோட்டல்களின் இனிப்புப் பட்டியல்ல சிகரெட்டையும் சேர்க்க வைக்கிற அளவுக்குப் பெர்னேஸ் முயற்சி பண்ணினார். மிட்டாய்க் கம்பெனிகள் கொதிச்சுப் போச்சு. 1930-ல அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தலையிட்டது. அதுக்கு அப்புறம் வந்த விளம்பரங்கள்ல, புகைத்தால் உடம்பு இளைக்கும்னு நாங்க சொல்லலைன்னு ஒரு மறுப்பு இருக்கும். பக்கத்துலயே ஒரு ஒல்லியான முகமும், அதுக்குப் பின்னாடி இரட்டைத் தாடையோட ஒரு கறுப்பு நிழலும். வார்த்தை மறுத்ததைப் படம் சொல்லிடுச்சு.

இந்த விளம்பரத்தை வெறும் பொய்னு ஒதுக்கிட முடியாது. பாதி உண்மை இருக்கிறதாலதான் இது ஆபத்து. நிக்கோடின் பசியை மட்டுப்படுத்தும், உடம்பு எரிக்கிற கலோரியையும் கொஞ்சம் கூட்டும். மூளையில பசியை அடக்குற நரம்பணுக்களை அது தூண்டுறதை 2011-ல யேல் ஆய்வாளர்கள் எலிகளிடம் காட்டினாங்க. சிகரெட்டை விட்டதும் இது தலைகீழாகுது. பசி திரும்புது, நாக்குக்கு ருசியும் மூக்குக்கு வாசனையும் திரும்புது, இத்தனை வருஷம் வாய்க்குப் போய்ட்டு இருந்த கை சும்மா இருக்க மாட்டேங்குது. பக்கத்துல முறுக்கு டப்பா இருந்தா கதை முடிஞ்சது.

பித்தலாட்டம் எங்கேன்னா, தராசுல. ஒரு தட்டுல மிட்டாய், இன்னொரு தட்டுல சிகரெட். எடை போடுற ஒரே விஷயம் இடுப்புச் சுற்றளவு. நுரையீரலும் இதயமும் அந்தத் தராசுல ஏறவே இல்லை. தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கு இதைச் சொல்ல கம்பெனி தேவையில்லை. "தம்மை விட்டா வெயிட் போட்ருவே மாப்ள"னு டீக்கடையில நாமே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறோம்.

சரி, நிஜமா எவ்வளவுதான் ஏறும்? புகையை விட்டவங்களைப் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மருந்து எதுவும் இல்லாம விட்டவங்களுக்கு ஒரு வருஷத்துல சராசரி 4.67 கிலோ. அதுல 2.85 கிலோ முதல் மூணு மாசத்துலயே ஏறிடுது. சராசரிக்குள்ள நிறைய ஒளிஞ்சிருக்கு: 16 சதவீதம் பேர் இளைச்சிருக்காங்க, 13 சதவீதம் பேர் 10 கிலோவுக்கு மேல ஏறியிருக்காங்க. ஆக பயம் ஆதாரமில்லாததும் இல்லை, எல்லாருக்கும் ஒண்ணுபோல நடக்கிறதும் இல்லை.

இப்ப தராசுல விட்டுப்போனதை ஏத்திப் பார்ப்போம். அமெரிக்காவுல ஆயிரக்கணக்கானவங்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச மூணு பெரிய ஆய்வுகளின் முடிவு 2018-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது. புகைப்பதை விட்ட முதல் சில வருஷங்கள்ல, எடை கணிசமா ஏறினவங்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு கூடுது. அதை மறைக்கக் கூடாது. ஆனா 10 கிலோவுக்கு மேல ஏறினவங்களுக்குக்கூட, தொடர்ந்து புகைக்கிறவங்களோட ஒப்பிட்டா மரண வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். இது மக்களைக் கவனிச்சு எடுத்த கணக்கு, சோதனை இல்லை. இருந்தாலும் ஹில்லோட தராசு கவிழ்ந்துபோக இது போதும்.

என் விமர்சனம் சிகரெட் கம்பெனியோட நிக்கலை. புகையை விடுறவங்களுக்காக எழுதப்படுற அறிவுரைகள் பலவும் அதே தராசைத்தான் தூக்கிட்டு வருது. சிகரெட்டைத் தொடாதே, கூடவே இனிப்பு, எண்ணெய், நொறுக்குத்தீனி எதையும் தொடாதே, தினமும் எடை பார்! நல்ல எண்ணம்தான். ஆனா பயத்தை அப்படியே வெச்சுட்டு, இரண்டு கையையும் ஒரே நாள்ல கட்டிப் போடுது.

2001-ல அமெரிக்காவுல எடைக்குப் பயந்த 219 பெண்களை மூணு குழுவா பிரிச்சு ஒரு சோதனை நடந்தது. எல்லாருக்கும் புகையை விடுறதுக்கான வழக்கமான ஆலோசனை உண்டு. ஒரு குழுவுக்குக் கூடுதலா எடைக் கட்டுப்பாட்டுப் பயிற்சி, இன்னொண்ணுக்கு எடை பற்றிய கவலையைக் குறைக்கிற பயிற்சி. வருஷக் கடைசியில புகைக்காம இருந்தவங்க: கவலையைக் குறைச்ச குழுவுல 21 சதவீதம், எடைக் கட்டுப்பாட்டுக் குழுவுல 13, வழக்கமான ஆலோசனை மட்டும் கிடைச்ச குழுவுல 9. எடை குறைவா ஏறினதும் கவலையைக் குறைச்ச குழுவுக்குத்தான்.

எதிர்ச்சாட்சியும் உண்டு. சுவீடன்ல நடந்து 1999-ல வெளியான ஒரு ஆய்வுல, நிக்கோடின் சூயிங்கத்தோட இடைவெளி விட்டுக் கடுமையான பத்தியம் இருந்த பெண்கள்ல 28 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சும் புகைக்காம இருந்தாங்க. பத்தியம் இல்லாத குழுவுல 16 சதவீதம். அதனால பத்தியமே கூடாதுனு நான் சொல்ல வரலை. அது மருத்துவக் கண்காணிப்புல, சூயிங்கம் துணையோட நடந்தது. வீட்டுல தனியா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறது வேற.

இரண்டாவது தடவை நான் செஞ்சது ரொம்பச் சாதாரணம். முதல் மூணு மாசம் எடை பார்க்கும் மெஷினை அலமாரிக்கு மேல வெச்சேன். டீயை விடலை, சர்க்கரையைப் பாதியாக்கினேன். பையில பஜ்ஜிக்குப் பதிலா வேகவெச்ச கடலை, வெள்ளரிக்காய், கொஞ்சம் சோம்பு. சாயங்காலம் நாலு மணிக்கு வழக்கமா தம் அடிக்கிற நேரத்துல பத்து நிமிஷம் நடை. கடலை மிட்டாயை மட்டும் தடுக்கலை, அந்த இரண்டு துண்டு என்னைக் கடைக்குப் போகவிடாம காப்பாத்தினதா நினைக்கிறேன். சர்க்கரை நோய் இருக்கிறவங்க டாக்டர்கிட்ட பேசிட்டுத்தான் இதையெல்லாம் செய்யணும்.

நாலாவது மாசம் மெஷினைக் கீழே இறக்கினேன். மூணரை கிலோ கூடியிருந்தது. ஒரு வருஷத்துல அதுல இரண்டு கிலோ நடந்தே இறங்குச்சு, மீதி இன்னும் கூடவே இருக்கு. போன மாசம் அதே ஆபீஸ் நண்பர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். "ஆமாம் சார், ஒன்றரை கிலோ"ன்னு சொல்லிட்டு, இரண்டு பேருக்கும் டீ மட்டும் சொன்னேன்.