பத்துப் பூங்கா பட்டியலும் ஒரு டிசம்பர் லீவும்

விராலிமலைக்குப் போயும் மயிலைப் பார்க்காம திரும்பினவங்களை எனக்குத் தெரியும். உச்சிவெயில்ல மலையேறினா மயில் எங்கே வரும்? இடம் சரி, நேரம் தப்பு. சிங்கப்பூர்ல இருக்கிற அக்கா மகன் அனுப்பின "ஆப்பிரிக்காவின் சிறந்த 10 சஃபாரி பூங்காக்கள்" பட்டியலைப் படிச்சப்போ இதுதான் ஞாபகம் வந்தது.

அவனுக்கு மூணு வருஷச் சேமிப்பு. டிசம்பர் லீவு, கையில பத்து நாள். இலுப்பூர்ல இருக்கிற அப்பாவையும் கூட்டிட்டுப் போகணும். மச்சானுக்கு வயசு 70. "மாமா, முதல் நாலையும் முடிச்சிரலாமா?"ன்னு கேட்டான். மசாய் மாரா, செரங்கெட்டி, குரூகர், எட்டோஷா. கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா, நமீபியான்னு நாலு நாடு!

பட்டியலோட பெரிய குறை, அதில மாசமே இல்லை. முதலிடத்துல மாரா, கூடவே வில்டபீஸ்ட் கூட்டம் ஆத்துல குதிக்கிற படம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தக் கூட்டம் மாரா ஆற்றைக் கடப்பது பெரும்பாலும் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. டிசம்பர்ல அது தெற்கு செரங்கெட்டி பக்கம் இறங்கிவிடும். மாராவில் சிங்கம் வருஷம் பூரா இருக்கும், அதை மறுக்கலை. ஆனா படத்தைப் பார்த்து டிக்கெட் போடுறவன் ஏமாறுவான்.

எட்டோஷாவைப் புரிஞ்சுக்க நம்ம ஊர்க் கண்மாயே போதும். கோடையில் தண்ணி வத்தி ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சும்போது கொக்கு, நாரை எல்லாம் அங்கேதான் நிக்கும். ஐப்பசி மழை பெஞ்சு ஊரெல்லாம் தண்ணின்னா எது எங்கே போச்சுன்னே தெரியாது. எட்டோஷாவிலும் வறண்ட மாசங்களில் நீர்க்குட்டை ஓரமா உட்கார்ந்திருந்தாலே யானை, வரிக்குதிரை தேடி வரும். டிசம்பர் அங்கே மழைக்காலம். குரூகருக்கும் அப்படித்தான்: புல் உயர்ந்து நிற்கும், விலங்குகள் சிதறிப் போயிருக்கும்.

அடுத்தது 'பெரிய ஐந்து'. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை. இது இயற்கை ஆர்வலர்கள் போட்ட கணக்கு இல்லீங்க. நடந்து போய்ச் சுடுவதற்கு எது ஆபத்தானதுன்னு வேட்டைக்காரர்கள் வச்ச வரிசை. ஒட்டகச்சிவிங்கிக்கு இதில் இடமில்லை. தமிழ்ல எழுதினவர் சிறுத்தைக்கு நேரா சிவிங்கிப்புலி படத்தைப் போட்டிருக்கார். ரெண்டும் வேற வேற விலங்கு.

இந்தத் தப்பு நம்ம ஊர்ப் பட்டியல்களிலும் உண்டு. முதுமலையை முதல்ல போட்டு, புலி வரலைன்னா காசு தண்டம்னு எழுதுவாங்க. அது மரம் அடர்ந்த காடு. வெட்டவெளி மாதிரி கண்ணுக்கெட்டின தூரம் தெரியாது. அப்படிப் பார்க்கணும்னா 1967-ல் சரணாலயமான கோடியக்கரைக்குப் போகலாம். புல்வெளியில் வெளிமான்கள், பக்கத்து உப்புச் சதுப்பில் டிசம்பர் வாக்கில் பூநாரைகள். புலி இல்லாததால அது பட்டியலோட அடியிலதான் கிடக்கும்.

மச்சான் விஷயத்துக்கு வர்றேன். கென்யா போய் இந்தியா திரும்பணும்னா மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேணும். இல்லைன்னா ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். 60 வயசைத் தாண்டினவங்களுக்கு அந்த ஊசியில் அபூர்வமா ஆனா கடுமையான பக்கவிளைவு வர வாய்ப்பு கூடுதல், டாக்டர் யோசிச்சுத்தான் போடுவார். தென்னாப்பிரிக்காவுக்கு நேரா போய் வந்தா இந்தச் சிக்கல் இல்லை. ஆனா குரூகரில் டிசம்பர் மலேரியா மாசம். பத்துப் பூங்காவை வரிசைப்படுத்தினவருக்கு இதையெல்லாம் ஒரு வரி எழுத மனசு வரலை. எனக்குக் கோபமே அங்கேதான்.

நான் சொன்னது ஆடோ யானைப் பூங்கா. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணம், மலேரியா இல்லாத பகுதி. 1931-ல் மிஞ்சியிருந்த 11 யானைகளைக் காப்பாத்தத் தொடங்கினது. இன்னைக்கு 600-க்கும் மேல. வருஷம் பூரா பார்க்கலாம், சொந்தமா கார் ஓட்டிட்டே பார்க்கலாம், அங்கேயும் நம்மளை மாதிரி இடதுபக்கம்தான் ஓட்டுறாங்க. பட்டியல்ல அது பத்துக்குள்ளயே வரலை.

அக்கா மகன் இன்னும் மாரா படத்தையே பார்த்துக்கிட்டிருக்கான். மச்சான்கிட்ட கேட்டேன். "யானைன்னா சரி, மாப்ளே. ஊசின்னா நான் வரலை"ன்னுட்டார்.