இசைத்தட்டிலிருந்து படத்துக்கு

தமிழ்த் திரைப்பாட்டைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் படத்திலிருந்து தொடங்குகிறார்கள். இன்ன ஆண்டில் இன்ன படம், அதில் இத்தனை பாட்டு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று அந்த எழுத்து நகரும். பரணில் கிடக்கும் பழைய இசைத்தட்டை இறக்கி வைத்துக்கொண்டால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. கையில் இருப்பது ஒரு தட்டு. அதன் லேபிளில் ஓர் எண், ஒரு கம்பெனிப் பெயர், இரண்டு பாடகர் பெயர்கள். படத்தை அங்கிருந்துதான் தேடிப் போக வேண்டும். பழனி மலைத்தொடரில் உள்ள பெருமாள்மலை வீட்டில் அப்பா சேர்த்து வைத்திருந்த 45 சுற்றுத் தட்டுகளை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது, இந்தத் துறையில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தட்டை முதலில் வைத்துப் பார்க்கும் ஆய்வு நம்மிடம் குறைவு. இனி நடக்க வேண்டியதும் அதுதான் என்ற எண்ணம் படிக்கப் படிக்க வலுத்தது.

அப்படிப் பார்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஸ்டீபன் ஹியூஸ். 2007இல் ‘ஜர்னல் ஆஃப் ஏசியன் ஸ்டடீஸ்’ இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை நாடகம், கிராமபோன், தொடக்கக்காலத் தமிழ் சினிமா மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. பாட்டுக்கான சந்தையைப் பேசும்படம் உண்டாக்கவில்லை. 1920களின் பிற்பகுதியிலேயே நாடகப் பாட்டுத் தட்டுகள் அதை உண்டாக்கிவிட்டன. 1931இல் ‘காளிதாஸ்’ வந்தபோது, பாட்டுக்காகக் காசு கொடுக்கப் பழகிய கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. அவர் வாதத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நம் முதல் படங்களில் ஏன் அத்தனை பாட்டுகள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் படித்ததில்லை.

இதற்குச் சான்றாக ஒரே ஒருவரைக் காட்டச் சொன்னால் ஏ.வி. மெய்யப்பனைக் காட்டுவேன். காரைக்குடியில் தந்தையின் கடையில் கிராமபோன் தட்டு விற்றவர். சென்னைக்கு வந்து கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு சேர்ந்து தட்டு வெளியிட்டார். பிறகுதான் 1935இல் ‘அல்லி அர்ஜுனா’ எடுத்துப் படத்தொழிலுக்குள் வந்தார். ஏவி.எம். வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கடையை ஒரு பத்தியில் கடந்து ஸ்டூடியோவுக்குள் போய்விடுகிறார்கள். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டை அவர் 1938இல் ‘நந்தகுமார்’ படத்திலேயே செய்து பார்த்ததற்கு, முகம் தெரியாத குரலை ஆண்டுக்கணக்கில் விற்றுப் பழகியதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ 1981இல் க்ரியா வெளியீடாக வந்தது. நாடகம், பாட்டு, படம் வழியாகத் தேசிய இயக்கம் மக்களிடம் போன கதை அது. கிராமபோன் தட்டை அரசியல் ஆவணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நம்மிடையே முதலில் நிறுவிய நூல்களில் ஒன்று என்பதால் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அவர் கேள்வி 1945ஓடு நின்றுவிடுகிறது. நம் வீடுகளில் மிஞ்சியிருக்கும் தட்டுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தையவை.

தட்டும் படமும் ஒன்றல்ல என்பதைப் புதிதாகத் தேட வருகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தொடக்கக்காலப் பேசும்படங்களில் பாட்டு படப்பிடிப்பின்போதே பதிவானது. கம்பெனி தட்டு வெளியிட வேண்டுமென்றால் பாடகரைத் தனியாக அழைத்து மறுபடி பாடவைத்தது. 78 சுற்று அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். அதனால் பாட்டைக் குறுக்கினார்கள், அல்லது இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். படச்சுருள் அழிந்துபோன பல படங்களுக்கு இந்த மறுபதிவுதான் மிச்சம். எஸ்.ஜி. கிட்டப்பாவின் நிலை இன்னும் கூர்மையானது. 1933இல், 27 வயதில் இறந்தவர் அவர். படத்தில் நடிக்கவே இல்லை. அவர் குரலென்று இன்று நாம் கேட்பது முழுக்கத் தட்டில் கிடைப்பதுதான். அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாளோ 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. ‘ஔவையார்’ 1953இல், ‘திருவிளையாடல்’ 1965இல், தேசிய விருது வாங்கித் தந்த ‘துணைவன்’ 1969இல். அரக்குத் தட்டிலிருந்து நீள்தட்டு வரை தொழில் மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் குரல் இருக்கிறது. ஒரே ஒரு பாடகரின் தட்டுகளை மட்டும் கால வரிசையில் அடுக்கித் தமிழ் ஒலிப்பதிவின் வரலாற்றை எழுதுவதென்றால் நான் சுந்தராம்பாளைத்தான் எடுப்பேன்.

‘திருவிளையாடல்’ இந்த மலைக்காரர்களுக்கு இன்னொரு வகையிலும் நெருக்கம். மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளைக்குச் சிவனின் ஆடல்களைச் சொல்வதாகத்தான் ஏ.பி. நாகராஜன் கதையைக் கட்டியிருக்கிறார். அவன் வந்து நிற்கிற இடம் பழனி. கதை வசனத் தட்டாகவும் அது ஊர் ஊராக ஒலித்தது. கல்யாண வீடோ கோயில் கொடையோ, மைக்செட்காரர் குழாயைக் கட்டியதும் போடும் தட்டுகளில் அதற்கு நிச்சயம் இடம் உண்டு. வசனத்தை மனப்பாடமாகச் சொன்னவர்களில் படத்தைப் பார்க்காதவர்களும் இருந்தார்கள். கொட்டகைக்குப் போக மலை இறங்க வேண்டிய ஊர்களில் இது சாதாரணம். தட்டைப் படத்தின் விளம்பரப் பொருளாக மட்டும் பார்க்கும் எழுத்து இவர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பட்டியல் போட்டவர்களின் உழைப்பு தனி. ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் ‘சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு’ இல்லாமல் எந்தப் படத்தையும் ஆண்டோடு சரிபார்க்க முடியாது. வாமனனின் ‘திரை இசை அலைகள்’ தொகுதிகள் பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் மனிதர்களாக நம் முன் நிறுத்துகின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கும் பாட்டுப் புத்தகங்கள் தட்டுக்கும் படத்துக்கும் நடுவே பாலம். லேபிளில் பாட்டெழுதியவர் பெயர் விட்டுப்போன இடத்தில் இரண்டணாப் புத்தகம் கைகொடுக்கும். ஆனால் கான்பூரின் ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’ இந்திக்குச் செய்ததை இவற்றோடு ஒப்பிட்டால் நம் குறை தெரியும். 1980 முதல் பல தொகுதிகளாக வந்த அவருடைய ‘ஹிந்தி ஃபிலிம் கீத் கோஷ்’ ஒவ்வொரு படத்தின் பாட்டோடும் தட்டு எண்ணைத் தருகிறது. அந்த எண் இருந்தால் எந்தச் சிற்றூரில் எவர் கையில் தட்டு கிடைத்தாலும் அது எதுவென்று சொல்லிவிடலாம். தமிழுக்கு அப்படியொரு கோசம் வேண்டும். ஒரு பல்கலைக்கழகத் துறை மனம் வைத்தால் பத்தாண்டில் முடிகிற வேலை.

அதற்கான மூலப்பொருள் பெரிதும் சேகரிப்பாளர்களிடம் இருக்கிறது. சென்னையில் வி.ஏ.கே. ரங்கராவ் பல்லாயிரம் 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்ததோடு, அவற்றைக் கேட்டு எழுதவும் செய்தார். மும்பையில் சுரேஷ் சாந்த்வன்கர் முன்னின்று நடத்திய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தனக்கென ஓர் இதழே வெளியிட்டது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் ‘யங் இந்தியா’, ‘ஓடியன்’ தட்டுகள் எண்மமாக்கப்பட்டதும் அவர் முயற்சியில்தான். மைக்கேல் கின்னியர் கிராமபோன் கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகளை 1908 வரை எண் எண்ணாகப் பட்டியலிட்டுத் தந்திருக்கிறார். இவை எல்லாம் அரக்குத் தட்டின் காலத்துக்குப் பயன்படும். 1960க்கும் 1985க்கும் இடைப்பட்ட வினைல் தட்டுகளை, அதாவது நம் பெற்றோர் கைக்காசு கொடுத்து வாங்கியவற்றை, பழமை போதாதென்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

அந்தத் தட்டுகளின் லேபிள் எவ்வளவு பேசும் என்பதற்குச் சில உதாரணங்கள். இசை என்ற இடத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று இரண்டு பெயரும் இருந்தால் படம் பெரும்பாலும் 1965க்கு உட்பட்டது. அந்த ஆண்டு அவர்கள் பிரிந்தார்கள், அதன்பின் எம்.எஸ். விஸ்வநாதன் மட்டும். பாடியவர், இசையமைத்தவர் இரண்டு இடத்திலும் ஏ.எம். ராஜா என்றிருந்தால் ‘கல்யாணப் பரிசு’ நினைவுக்கு வரும். 1959இல் வந்த அந்தப் படம் தெலுங்கில் ‘பெள்ளி கானுக’, இந்தியில் ‘நஸ்ரானா’ என்று போனது. ஜி. ராமநாதன் பெயரோடு டி.ஆர். பாப்பா பெயரும் சேர்ந்திருப்பது ‘அருணகிரிநாதர்’. ராமநாதன் 1963இல் இறந்துபோக, படம் 1964இல் வெளிவந்தது. அதில் டி.எம். சௌந்தரராஜனே அருணகிரியாராக நடித்தார். பழனியைப் பாடிய புலவரின் பாட்டைப் பக்தித் தட்டு என்று தனியே அடுக்கி வைத்திருப்பார்கள். அது படப்பாட்டு என்பது வீட்டில் பலருக்குத் தெரிந்திருக்காது. கம்பெனிப் பெயரும் காலம் சொல்லும். ஹெச்.எம்.வி., கொலம்பியா, ஏஞ்சல், ஓடியன் என்று ஒரே குடும்பத்தின் லேபிள்கள் ஆண்ட களத்தில் பிறகு பாலிடார், இன்ரெகோ, எக்கோ வந்து சேர்ந்தன.

அப்பாவின் அடுக்கில் பக்திக்கும் படத்துக்கும் நடுவே இப்படிப்பட்ட தட்டுகள்தான் அதிகம். 1972இல் வந்த ‘தெய்வம்’ இதற்கு உச்சம். சாண்டோ சின்னப்பா தேவர் தன் இரண்டாவது கம்பெனிக்குத் தண்டாயுதபாணி பிலிம்ஸ் என்று பழனியாண்டவர் பெயரையே வைத்தவர். ‘தெய்வம்’ படத்தில் மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணி அம்மாள், சூலமங்கலம் சகோதரிகள் ஆகியோரைத் திரையிலேயே பாடவைத்தார். இசை குன்னக்குடி வைத்தியநாதன். கச்சேரி மேடையிலும் பஜனை மடத்திலும் தட்டிலும் பெயர் பெற்றவர்களைத் தேடிப் படம் போனது. பின்னணிப் பாடகர் முகம் காட்டாத வழக்கத்தை அது புரட்டிப் போட்டது. அந்தப் பாட்டுகள் இன்று படத்தின் பெயரே தெரியாமல் பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்தில் ஒலிக்கின்றன. நாகூர் இ.எம். ஹனிபாவின் இஸ்லாமியப் பாட்டையும் கழகப் பாட்டையும் தட்டில் கேட்டவர்கள் ‘குலேபகாவலி’யிலும் ‘பாவ மன்னிப்பு’ படத்திலும் அதே குரலைச் சந்தித்தார்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுத் தட்டுக்குக் கீழேயே அவருடைய கிளப் நடனப் பாட்டும் இருக்கும். அமாண்டா வைட்மன் 2021இல் எழுதிய பின்னணிப் பாட்டு பற்றிய நூல் ஈஸ்வரியின் குரலுக்கு எந்த வகைப் பாட்டு ஒதுக்கப்பட்டது, ஏன் என்று கேட்கிறது. நல்ல கேள்வி. அம்மன் தட்டுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு அதற்கு இன்னும் நீளமாக விடை எழுதலாம்.

இந்தத் தொடர்புகளை எல்லாம் படிக்காத வீடுகளுக்கும் சொல்லிக் கொடுத்தது இலங்கை வானொலி. 1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கிவைத்தார். 1957இல் விவித பாரதி வரும்வரை பாட்டு கேட்க கொழும்பைத்தான் திருப்ப வேண்டியிருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்றோர் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் நால்வகை விவரத்தையும் சொல்லிவிட்டே தட்டைச் சுழலவிட்டார்கள். அப்பா தலைமுறைக்கு எந்தப் பாட்டு எந்தப் படம் என்பது விரல் நுனியில் இருந்தது அந்தப் பயிற்சியால். பின்னாளில் அந்த இடத்தைக் கோடை பண்பலை ஓரளவு நிரப்பியது.

1980களில் கேசட் வந்ததும் தட்டு ஒதுங்கியது. இன்று கோடைக்கானல் என்றதும் சொல்லப்படும் ‘குணா’ 1991இன் படம். அதன் பாட்டு 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வழியாகக் கேரளம் முழுக்கத் திரும்பி ஒலித்தபோது தேடியவர்களின் வீட்டில் கேசட்தான் இருந்தது. பீட்டர் மேனுவல் 1993இல் எழுதிய ‘கேசட் கல்ச்சர்’ வட இந்தியாவில் அந்த மாற்றத்தை விவரிக்கிறது. தமிழகத்துக்கு அதற்கு நிகரான நூல் வர வேண்டும்.

மலையில் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம், ஒரு தொல்லை. சமவெளி வெயிலில் போல வினைல் வளைந்துபோகாது. ஆனால் மூடுபனி உறைக்குள் இறங்கி அட்டையிலும் பள்ளங்களிலும் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளைப் படுக்க அடுக்காமல் நிமிர்த்தி வைத்து, வடிநீரில் நனைத்த மெல்லிய துணியால் பள்ளத்தின் வாக்கிலேயே துடைப்பது போதும். அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். துடைக்குமுன் லேபிளை இரு பக்கமும் படமெடுத்துவிட வேண்டும். உறையில் ரப்பர் ஸ்டாம்ப்பாக இருக்கும் மதுரை, திண்டுக்கல், வத்தலக்குண்டுக் கடைகளின் பெயரும், லேபிளில் மையால் எழுதிய சவுண்ட் சர்வீஸ்காரரின் வரிசை எண்ணும் முதலில் அழிபவை. எந்தப் பாட்டு எந்த ஊருக்கு எந்தக் கடை வழியாக மலையேறியது என்பதை அவற்றைக் கொண்டு ஒரு வரைபடமாகவே போட முடியும். பழனி மலைத்தொடரின் இருபது முப்பது வீடுகள் தங்கள் பெட்டிகளைத் திறந்தால் அந்த வேலையை இங்கேயே தொடங்கிவிடலாம்.